வாசகர் கேள்வி பதில்: சான்சிபாரில் ஒரு மாலை, சாப்பாடும் தாராப் பாட்டும்

இந்தியப் பெருங்கடலின் பழைய துறைமுக ஊர்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்ததற்குச் சென்ற இதழில் பதில் எழுதும்போது, 2018-இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில், ஸ்டோன் டவுன் என்கிற பழைய நகரில் நான் கேட்ட தாராப் இசையைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேலை விஷயமாக டார் எஸ் சலாம் போகிறேன். ஒரே ஒரு ராத்திரி சான்சிபாரில் தங்க முடியும். நல்ல சாப்பாடு, நேரடி இசை இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் உணவகமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

ஒரே இடத்தில் வேண்டாம் என்பதுதான் என் பதில். கடலைப் பார்த்த மொட்டைமாடி உணவகங்கள் ஸ்டோன் டவுனில் நிறைய உண்டு, சிலவற்றில் மூலையில் மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கவும் செய்வார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தாராப் என்பது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கிற இசை. மூன்று நான்கு வயலின், மடியில் வைத்து மீட்டுகிற கானூன், ஊத் என்கிற அரபு நரம்பு வாத்தியம், அக்கார்டியன், தாளத்துக்கு தும்பக், பின்னால் ஒரு பெரிய டபுள் பாஸ் வயலின். பாட்டு தொடங்குவதற்கு முன் பஷ்ரஃப் என்று வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் ஒரு பகுதி வரும், அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டும் பத்து நிமிடம் கூடப் போகும். தட்டு, கரண்டி, 'இன்னொரு ஜூஸ் கொண்டுவாங்க' என்கிற சத்தத்துக்கு நடுவே அதைக் கேட்டால் ஏதோ அரபு சினிமாப் பாட்டு ஓடுகிறது என்றுதான் தோன்றும். கச்சேரியைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கேட்பதும் சபாவில் உட்கார்ந்து கேட்பதும் ஒன்றா? அதே வித்தியாசம்தான் இங்கேயும். அதனால் முதலில் சாப்பிடுங்கள், பிறகு வேறு இடத்துக்கு நடந்து போய்ப் பாட்டுக் கேளுங்கள். ஊர் சின்னது, எல்லாமே நடக்கிற தூரம்.

டார் எஸ் சலாமிலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரம் போல ஆகும். மதியம் போய்ச் சேர்ந்துவிட்டால் வெயில் தணிந்ததும் சந்துகளில் கொஞ்சம் நடங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், பித்தளைக் குமிழ் பதித்த மரக்கதவுகள். அந்தக் கதவுகளில் ஒரு வகை குஜராத்திலிருந்து வந்து தங்கிய வணிகர்கள் கொண்டுவந்த பாணி. வழி தவறினால் பதறாதீர்கள், ஏதாவது ஒரு சந்து கடலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஜாஸ் (Jaws) கார்னர் என்கிற முக்கில் ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய்க் காப்பி, கடித்துக்கொள்ள கஷாட்டா என்கிற தேங்காய் மிட்டாயோ கடலை மிட்டாயோ. போய் உட்காருங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

ஐந்தரைக்கு ஃபோரோதானி பூங்காவுக்கு வந்துவிடுங்கள். பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரி தெற்கே இருக்கிற ஊர், வருஷம் முழுக்கச் சூரியன் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே மறையும், மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். அதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பையன்கள் ஓடிவந்து கடற்கரைச் சுவரிலிருந்து ஒருவன் பின் ஒருவனாகக் கடலில் குதிப்பார்கள், கூட்டம் கைதட்டும், பாய்மரப் படகுகள் கறுத்துத் தெரியும், பின்னாலிருந்து மக்ரிப் பாங்கு ஒரு மசூதியில் தொடங்கி அடுத்த மசூதிக்குத் தாவிப் போகும். என் கணக்கில் அன்றைய கச்சேரி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சாப்பாட்டுக் கடைகள் அந்தப் பூங்காவிலேயே, வரிசையாகப் பெட்ரோமாக்ஸும் மின்விளக்கும் வைத்துப் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. மேஜை மேல் சிங்கி இறாலும் நண்டும் மீனும் குச்சியில் குத்தி அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதில் நிறைய முன்பே வெந்தது, நீங்கள் கேட்டதும் கரியில் மறுபடி சுடவைத்துத் தருவார்கள். நான் ஒரு கடையில் விலை கேட்காமல் சிங்கி இறால் வாங்கினேன். ரப்பர் மாதிரி இருந்தது, சாப்பிட்டு முடித்ததும் சொன்ன விலை நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. அதனால் 'பெய் கானி?' என்று விலையை முதலில் கேளுங்கள், கண்ணெதிரே செய்வதை மட்டும் வாங்குங்கள்.

கண்ணெதிரே செய்வதில் மூன்று போதும். முதலாவது உரோஜோ. மஞ்சள் போட்டு மாவு கரைத்துக் காய்ச்சிய, மாங்காய்ப் புளிப்பு உள்ள குழம்பு. அதில் பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ், தேங்காய்ச் சட்னி, முட்டை, இறைச்சித் துண்டு, காரம் எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டுத் தருவார்கள். முதல் கரண்டியில் இது நம் ஊர்தானே என்று இருக்கும், இரண்டாவது கரண்டியில் இல்லை என்று தெரியும். இரண்டாவது மிஷ்காக்கி, மசாலாவில் ஊறிய மாட்டிறைச்சியையோ கோழியையோ குச்சியில் கோத்துக் கரியில் வாட்டியது. மூன்றாவது சான்சிபார் பீட்ஸா. பீட்ஸாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாவை வீசி மெல்லிசாக்கி, நடுவே கொத்திய இறைச்சி, வெங்காயம், முட்டை வைத்து நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டு எடுப்பது, அதாவது நம் லாப்பா. மடிக்கிற அந்தக் கை வேகத்தைப் பார்த்தால் மதுரையில் யாரோ மாஸ்டரிடம் படித்திருப்பாரோ என்று தோன்றும். குடிக்க இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்த கரும்புச் சாறு.

உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் ம்குனாசினி சாலையில் பெரிய பாவோபாப் மரத்தடியில் லுக்மான் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் போகிற இடம், கண்ணாடிக்குள் இருப்பதைக் கை காட்டி வாங்கலாம். தேங்காய்ப்பாலில் வெந்த பேய்க்கணவாயை அங்கே விடாதீர்கள். அது ஆக்டோபஸ்தான், ஆனால் பொறுமையாக வேகவைத்தால் எவ்வளவு மெத்தென்று ஆகும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் பாட்டு. 2002-இல் தொடங்கிய டௌ கண்ட்ரீஸ் மியூசிக் அகாடமி என்கிற இசைப் பள்ளி தாராப் சொல்லிக்கொடுக்கிறது, ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கச்சேரி செய்வார்கள். நான் போனபோது கடற்கரைச் சாலையில் பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது, ஜன்னல் வழியே கடல் காற்று வர, கூடிப்போனால் நாற்பது நாற்காலி. 1958-இல் தொடங்கிய கல்ச்சர் மியூசிக்கல் கிளப்பும் இருக்கிறது, அவர்கள் சாயங்காலம் ஒத்திகை பார்க்கும்போது அனுமதி கேட்டு உட்கார்ந்து கேட்பவர்கள் உண்டு. நாளும் இடமும் மாறும் என்பதால் தங்குகிற விடுதியில் போய் இறங்கியதும் முதல் வேலையாக இதைக் கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது மணியைக் கவனியுங்கள், இது முக்கியம். சுவாஹிலியில் மணிக் கணக்கு சூரிய உதயத்திலிருந்தும் அஸ்தமனத்திலிருந்தும் தொடங்குகிறது. இரவு ஏழு மணி அவர்களுக்கு 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. எட்டு மணிக் கச்சேரியை 'ஸா ம்பிலி', இரண்டு மணி என்பார்கள். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பாட்டி தாத்தா நமக்கும் இருந்தார்கள், அதனால் புரிந்துகொள்வது கஷ்டமில்லை; ஆனாலும் 'நம்ம கடிகாரத்தில் எத்தனை மணி?' என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– வாசகி, மயிலாடுதுறை

நிச்சயமாக இல்லை. இறைச்சியும் முட்டையும் இல்லாமல் உரோஜோ கேளுங்கள். 'பிலா ந்யாமா' என்றால் இறைச்சி வேண்டாம், 'பிலா மயாய்' என்றால் முட்டை வேண்டாம். தேங்காய்ப்பாலில் வடித்த சோறு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சிவப்பு அவரை, நம் தண்டுக்கீரைக்கு உறவான ம்சிச்சா கீரை, இந்த மூன்றும் சேர்ந்தாலே ஒரு சாப்பாடு. பூங்காவில் பீட்ஸா கடைக்காரரிடம் காய்கறி மட்டும் வைத்து மடிக்கச் சொல்லலாம், ஆனால் கல் ஒன்றுதான், அதை மனசுக்கு ஒப்பினால் மட்டும் செய்யுங்கள். ஹுரும்சி தெருப் பக்கம் ஓர் இந்துக் கோயில் இருக்கிறது. நம்மவர்கள் அந்த ஊரில் பல தலைமுறையாக இருக்கிறார்கள், பெரும்பாலும் குஜராத்திகள், அதனால் சைவம் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே வராது.

காலையில் வீட்டுத் திண்ணைகளில் விடும்புவா சுடுவார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்து, குழிக்கல்லில் ஊற்றித் திருப்பிப் போட்டு எடுப்பது. ஆமாம், குழிப்பணியாரம்தான். அந்தக் கல்லைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கைபேசியில் என் அம்மா பணியாரம் சுடும் படத்தைக் காட்டினேன், அவர் படத்தைப் பெரிதாக்கி முதலில் பார்த்தது கல்லைத்தான்.

தாராப் அரபு இசையா, ஆப்பிரிக்க இசையா? சுல்தான்கள் கொண்டுவந்தது என்று எங்கோ படித்தேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் படித்தது பாதிக் கதை. 1870 முதல் 1888 வரை ஆண்ட சுல்தான் பர்கஷ் அரண்மனையில் எகிப்து இசை கேட்க விரும்பி, ஓர் ஆளைக் கெய்ரோவுக்கு அனுப்பிக் கானூன் கற்றுவரச் செய்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. 1905-இல் இக்வானி ஸஃபா என்கிற சங்கம் உருவானது, இன்றும் இருக்கிறது. பாட்டெல்லாம் அரபியில், கேட்டவர்கள் அரண்மனையும் அதைச் சுற்றி இருந்த பணக்காரர்களும். அடிமைச் சந்தை 1873 வரை அதே ஊரில் நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிற இடம் அதுதான். பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்தால் அங்கே போய்விட்டுப் பாட்டுக்கு வாருங்கள்.

மீதிக் கதை ஒரு பெண்ணுடையது. சித்தி பிந்தி ஸாத், 1880 வாக்கில் ஃபும்பா கிராமத்தில், அடிமை வழியில் வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பானை செய்கிற வீடு. அம்மா வனைந்த பானைகளை ஊருக்குள் கூவி விற்ற குரல்தான் பிறகு பாட்டாக மாறியது. அரண்மனையின் அரபுப் பாட்டை எடுத்துச் சுவாஹிலியில், தெருவில் பேசுகிற பேச்சில் பாடியவர் அவர். ஊர்ச் செய்தி, ஏழைக்கு நடந்த அநியாயம், பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை எல்லாம் பாட்டுக்குள் வந்தன. 1928-இல் கப்பலேறி பம்பாய்க்கு வந்து கிராமபோன் தட்டில் பாடினார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தட்டில் பாடிய முதல் பெண் அவர்தான். அந்தத் தட்டுகள் கடற்கரை ஊர்களெல்லாம் போயின, அதன் பிறகு தாராப் என்றால் சுவாஹிலிப் பாட்டு என்று ஆகிவிட்டது. 1950-இல் மறைந்தார். அவர் வழியில் வந்த பாடகி பி கிடுடே 2013 ஏப்ரலில் இறக்கும்போது நூறு வயதுக்கு மேல் என்றார்கள், கடைசி வருஷங்கள் வரை மேடையேறி முரசு அடித்துப் பாடியவர்.

நம் பக்கத்துத் தொடர்பு பம்பாய்த் தட்டோடு முடியவில்லை. எதிர்க்கரையில் கென்யாவின் மொம்பாசாவில் இந்தி சினிமா மெட்டுகளில் சுவாஹிலிச் சொற்களைப் போட்டுப் பாடும் ஒரு தாராப் வகையே உண்டு, ஜுமா பாலோ என்ற பாடகர் அதில் பெரிய பெயர். அங்கே தாஷ்கோட்டா என்று ஒரு வாத்தியம் வாசிப்பார்கள். தட்டச்சு மாதிரி கட்டைகள் உள்ள, ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்த புல்புல் தாராவின் உடன்பிறப்பு. ஆக உங்கள் கேள்விக்குப் பதில், இரண்டும்தான், கூடவே கொஞ்சம் நாமும்.

பாடகிக்கு ஜனங்கள் மேடையேறிப் பணம் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கலைஞருக்கு அது அவமானம் இல்லையா? வெளியூர்க்காரர்கள் நாம் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் குடித்துவிட்டு வந்து நோட்டைச் சட்டையில் குத்துகிறவர்களைப் பார்த்த கண்தானே. அங்கே அப்படி இல்லை. பாட்டில் ஒரு வரி தன் மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டது என்று தோன்றினால் ஒரு பெண் எழுந்து, அவசரமே இல்லாமல், தாளத்துக்கு மெல்ல அசைந்துகொண்டே முன்னால் போய் நோட்டைப் பாடகியின் கையில் வைத்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்கு அர்த்தம் உண்டு: இந்த வரி என்னுடையது. சில நேரம் கூட்டத்தில் இருக்கிற இன்னொருத்திக்குக் கேட்கட்டும் என்றே எழுந்து போவதும் நடக்கும், நேராகச் சொல்ல முடியாததைப் பாட்டைக் கொண்டு சொல்வது. மிபாஷோ என்று குத்தலாகப் பாடுவதற்குப் பெயரே இருக்கிறது. பெண்கள் உடுத்தும் கங்கா துணியில் அச்சிட்ட ஒரு வரி வாசகமும் இதே வேலையைச் செய்யும், கணவன் வீட்டாரிடம் வாய் திறந்து பேச முடியாத பெண் பொருத்தமான வாசகம் உள்ள துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து போவாள்.

நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம், ஷில்லிங்கில் சின்ன நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டு உண்மையிலேயே பிடித்தால் மட்டும் எழுந்திருங்கள். போகும்போது கைபேசியை நாற்காலியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் வீடியோ என்று போனவரை நான் பார்த்தேன், பாடகி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு ராத்திரி பயமில்லையா? என்ன உடுத்துவது?
– வாசகி, சென்னை

தோளும் முழங்காலும் மூடிய உடை போதும், சுரிதாரில் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். ரமலான் மாதத்தில் பகலில் கடைகள் மூடியிருக்கும், தெருவில் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும், ராத்திரி ஊரே விழித்திருக்கும். பூங்காவிலும் கச்சேரியிலும் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள், அங்கே கவலை இல்லை. கச்சேரி முடிந்து திரும்பும்போது மட்டும் இருட்டுச் சந்துகளில் தனியாகப் போகாதீர்கள். விடுதியிலிருந்து ஆளை வரச் சொல்லுங்கள், அல்லது வண்டி பிடியுங்கள். 'வழி காட்டுகிறேன்' என்று கூடவே வருகிற இளைஞர்களுக்கு 'ஹபானா, அசாந்தே' – வேண்டாம், நன்றி – என்று சிரித்துக்கொண்டே ஒரு முறை சொன்னால் பெரும்பாலும் போய்விடுவார்கள்.

எந்த மாதம் போகலாம்?
– வாசகர், திருப்பூர்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, தவிர்த்துவிடுங்கள். இசைக்காகவே போவதென்றால் பிப்ரவரி. 2004-லிருந்து சவுத்தி ஸா புசாரா என்கிற ஆப்பிரிக்க இசை விழா பழைய கோட்டைக்குள் திறந்தவெளியில் நடக்கிறது, பல நாட்டுக் குழுக்கள் வரும். அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கோட்டைக்குப் பக்கத்தில் 1883-இல் கட்டிய அதிசய மாளிகை இருக்கிறது. நான் போனபோதே பூட்டியிருந்தது, 2020 டிசம்பர் 25 அன்று அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வாசலில் நின்று நான் எடுத்த படத்தை இப்போது பார்த்தாலும் மனசு கனக்கிறது.

ஃப்ரெடி மெர்குரி பிறந்த ஊர் அதுதானே?
– வாசகர், புதுச்சேரி

அதேதான், 'க்வீன்' ராக் குழுவின் பாடகர் அங்கேதான் பிறந்தார், 1946, பார்சிக் குடும்பம். 2019-லிருந்து அவர் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது. ரசிகர் என்றால் பகலிலேயே பார்த்துவிடுங்கள், மாலையைத் தாராபுக்கு விட்டுவிடுங்கள்.

சுவாஹிலி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இரண்டு மணி நேரம் புரியாத பாட்டைக் கேட்டு என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

சரியான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். முதல் இருபது நிமிடம் எனக்கும் மனசு ஒட்டவில்லை. வயலின்கள் எல்லாம் ஒரே வரியைச் சேர்ந்து இழுக்கின்றன, பாடகி உட்கார்ந்த இடத்தில் அசையாமல் பாடுகிறார், முகத்தில் ஒரு பாவமும் இல்லை. பிறகுதான் கவனித்தேன், பாடகி ஒரு வரியை முடித்ததும் வாத்தியங்கள் அதைத் திருப்பிச் சொல்கின்றன, அந்த இடைவெளியில்தான் கூட்டம் அந்த வரியை நினைத்துப் பார்க்கிறது. பக்கத்து நாற்காலியில் மல்லிகையும் வாசனை இலைகளும் சேர்த்துக் கட்டியதை மேலாடையில் குத்தியிருந்த ஒரு மூத்த பெண்மணி இருந்தார், அந்த வாசனையால்தான் அவர் பக்கம் திரும்பினேன். இரண்டாவது பாட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்த ஆங்கிலத்தில் பாட்டு எதைப் பற்றி என்று கேட்டேன். 'கப்பல்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'கப்பல் இல்லை, புருஷன்' என்றார்.

தாராப் பாட்டில் பூ என்றால் பூ இல்லை, கப்பல் என்றால் கப்பல் இல்லை, இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நீங்களும் கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், ஒரு வார்த்தையாவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் மீதி வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பெண்மணி மூன்றாவது பாட்டுக்கு எழுந்து போய்ப் பணம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், அந்தப் பாட்டு எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.